செவ்வாய்க்கிழமை இல்லாத நகரங்கள்

வெளிநாட்டில் படிக்கப்போன நம் ஆட்கள் எழுதும் ஐரோப்பியப் பயணக்கட்டுரைகளைத் தேடித்தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. யூடியூப் வீடியோக்களையும் விட்டுவைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் படித்ததில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இவற்றில் செவ்வாய்க்கிழமை என்றொரு நாள் வருவதே இல்லை. வெள்ளிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறார்கள். சனிக்கிழமை காலை பிராகில் இறங்கி சார்லஸ் பாலத்தில் நிற்கிறார்கள். ஞாயிறு மதியம் கோட்டை, ஞாயிறு இரவு திரும்பும் பஸ், திங்கள் காலை வகுப்பில் தூக்கம். அடுத்த அத்தியாயம் மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை இரவில், அதே பஸ் நிலையத்தில் தொடங்குகிறது.

மாணவனுக்கு லீவு விட்டால்தானே ஊர் சுற்ற முடியும், இதில் என்ன குறை கண்டாய் என்று கேட்கலாம். சுற்றுவதில் குறையே இல்லை. நானும் சுற்றியவன்தான். ஆனால் இந்த வார இறுதிப் பயணம் இன்று ஓர் எழுத்து வடிவமாகவே ஆகிவிட்டது. அதற்கென்று ஒரு தொடக்கமும் முடிவும் வந்துவிட்டன. கட்டாயமாக வரவேண்டிய காட்சிகளும் வந்துவிட்டன: வழி தவறும் சந்து, மொழி தெரியாமலே உதவும் முதியவர், மலிவான சாப்பாட்டுக் கடை, ஆற்றுப் பாலத்தில் அஸ்தமனம். ஒன்று வடிவமாகிவிட்டால் அதை விமர்சனமும் செய்யலாம். அது எதை நன்றாகச் சொல்கிறது, எதை அதனால் சொல்லவே முடியாது என்று பார்க்கலாம். அப்படிப் பார்க்க எனக்கு உதவிய மூன்று படைப்புகளை வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இரண்டு சினிமாக்கள், ஒரு மெல்லிய புத்தகம்.

அதற்கு முன்னால், என் தொழிலிலிருந்து ஒரு சின்ன விஷயம்.

*

பழைய கௌபாய் படங்களில் குதிரை வண்டி வேகமாக ஓடும்போது அதன் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போலவோ, அசையாமல் நிற்பது போலவோ தெரியும். கேமரா நொடிக்கு 24 படங்கள்தான் எடுக்கிறது. ஒவ்வொரு முறை படம் எடுக்கும்போதும் சக்கரத்தின் ஆரங்கள் சரியாக அதே இடத்துக்கு வந்து நின்றால், பார்க்கிறவர் கண்ணுக்குச் சக்கரம் நின்றுவிடும். சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை. பார்க்கும் இடைவெளிதான் அதை நிறுத்துகிறது. இன்ஜினியரிங் படித்தவர்கள் இதை நைக்விஸ்ட், ஷானன் பெயர்களோடு இரண்டாம் வருடத்தில் படித்து, பரீட்சை எழுதி, மறந்திருப்பார்கள்.

நகரத்துக்கும் ஒரு சக்கரம் உண்டு. ஏழு நாள் சக்கரம். அதை வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் எப்போதும் சனி ஞாயிறில் மட்டும் பார்த்தால், கணக்குப்படி என்ன தெரிய வேண்டும்? அசையாத ஒரு நகரம் தெரிய வேண்டும். அதுதான் தெரிகிறது. பிராக், புடாபெஸ்ட், கிராக்கோவ், பிரஸ்ஸல்ஸ் என்று எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே சதுக்கம், ஒரே தேவாலயம், டிசம்பராக இருந்தால் ஒரே கிறிஸ்துமஸ் சந்தை. ஐரோப்பிய நகரங்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களிடம் நான் சொல்வது இதைத்தான். நகரங்கள் ஒன்றாக இல்லை, நாம் போகும் கிழமை ஒன்றாக இருக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல வசதி ஒன்று இருக்கிறது. நம்மிடம் நகரம் என்றும் ஊர் என்றும் இரண்டு சொற்கள் உண்டு. நகரத்தைப் பார்க்கலாம். ஊரைப் பார்ப்பதென்றால் கொஞ்சம் இருந்துதான் பார்க்க வேண்டும். வார இறுதி நமக்கு நகரங்களைத் தருகிறது. ஊர் வார நாட்களில் ஒளிந்திருக்கிறது.

*

செட்ரிக் கிளாபிஷ் 2002இல் எடுத்த பிரெஞ்சுப் படம் 'லோபெர்ஜ் எஸ்பான்யோல்'. ஸ்பானிய விடுதி என்று பொருள். பிரெஞ்சில் இது ஒரு மரபுத்தொடரும்கூட. அந்த விடுதியில் நீ கொண்டுபோனதுதான் உனக்குச் சாப்பிடக் கிடைக்கும் என்ற பழைய கேலியிலிருந்து வந்தது. பாரிஸில் பொருளாதாரம் படிக்கும் சேவியர், நிதியமைச்சகத்தில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில், எராஸ்மஸ் திட்டத்தில் ஒரு வருடம் பார்சிலோனாவுக்குப் போகிறான். இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி, டென்மார்க், பெல்ஜியம், ஸ்பெயின் என்று ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்தவர்களோடு ஒரு வாடகை வீட்டில் சேர்கிறான்.

எராஸ்மஸ் 1987இல் 11 நாடுகளோடு தொடங்கியது. முதல் வருடம் போனவர்கள் 3,244 மாணவர்கள். கிளாபிஷ் படம் எடுத்த காலத்துக்குள் அது ஒரு தலைமுறையின் சடங்காகவே மாறியிருந்தது. அந்தத் தலைமுறைக்கு இந்தப் படம் குலதெய்வம் மாதிரி. நான் இதை முதலில் பார்த்தபோது பார்ட்டியும் காதலும்தான் ஞாபகத்தில் நின்றன. திரும்பப் பார்க்கும்போது நிற்பவை வேறு. ஃபிரிட்ஜின் தட்டுகள் ஆளாளுக்குப் பிரிக்கப்பட்டிருப்பது. டெலிபோன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாள்: இன்னார் வீட்டில் இல்லை என்பதை ஒவ்வொரு மொழியிலும் எப்படிச் சொல்வதென்று அதில் எழுதியிருக்கும். பேராசிரியர் கத்தலானில் பாடம் நடத்த, ஸ்பானிய மொழியில் நடத்தக் கூடாதா என்று வெளியிலிருந்து வந்த மாணவர்கள் கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்வது. இவை எதுவும் சனிக்கிழமைக் காட்சிகள் கிடையாது.

படத்தின் தொடக்கத்தில் சேவியர் பின்குரலில் ஒன்று சொல்கிறான். முதன்முதலாக ஓர் ஊரில் இறங்கும்போது தெருக்களுக்கு அர்த்தமே இருப்பதில்லை. பிறகு அதே தெருவில் பத்து முறை, நூறு முறை, ஆயிரம் முறை நடந்தபின் அது நம்முடையதாகிவிடுகிறது. வாயில் நுழையாத உர்க்கினாவோனா என்ற பெயர்கூட நாம் பிறந்த ஊரின் பெயர்களோடு போய் உட்கார்ந்துகொள்கிறது. வார இறுதிப் பயணத்துக்கு எதிரான மிகச் சரியான வாதம் இதுதான் என்பேன். ஓர் இடத்தை நம்முடையதாக்குவது அதன் அழகல்ல, திரும்பத் திரும்ப நடப்பது. வார இறுதிக்கோ திரும்ப நடக்க நேரம் கிடையாது. ஒரே தெருவில் இரண்டாவது முறை நடந்தால் அது திட்டமிடலில் நேர்ந்த தவறு. கூகுள் மேப்பில் நட்சத்திரம் குத்தி வைத்தவனுக்கு இது புரியும்.

படத்தில் வார இறுதிப் பயணி ஒருவன் வருகிறான். இங்கிலாந்துக்காரி வெண்டியின் தம்பி வில்லியம். அக்காவைப் பார்க்க வந்தவன் ஜெர்மானியனைப் பார்த்தால் ஹிட்லர் ஜோக் அடிக்கிறான், ஸ்பானியரைப் பற்றி ஒன்று சொல்கிறான், எல்லாரையும் காயப்படுத்துகிறான். கொஞ்ச நாளே தங்க வந்தவனுக்கு மனிதர்கள் தெரிய மாட்டார்கள், நாடுகள்தான் தெரியும் என்பதைக் கிளாபிஷ் சரியாகப் பிடித்திருக்கிறார். பிற்பாடு வெண்டியின் காதலன் திடீரென்று லண்டனிலிருந்து வந்து நிற்கும்போது அவளைக் காப்பாற்ற, அவள் அறையிலிருந்த ஆணோடு தான் படுத்திருப்பதுபோல நடிப்பவனும் இதே வில்லியம்தான். அந்த ஒரு பொய்யில் அவன் விருந்தாளி என்ற நிலையிலிருந்து வீட்டு ஆளாகிவிடுகிறான். படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

ஆனால் வில்லியமைப் பார்த்துச் சிரிக்கும் இந்தப் படமே வில்லியம் செய்வதைத்தான் செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியன் ஒழுங்கு, இத்தாலியன் அலங்கோலம், ஆங்கிலேயப் பெண் கூச்சமும் சுத்தமும். வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் ஜோக்குகளிலிருந்து இறங்கி வந்தவர்கள். இன்னொன்று, அந்த வீட்டில் குடியிருக்கும் யாரும் விசாவைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. சேவியர் எராஸ்மஸ் விண்ணப்பத்துக்காகத் தாள்களோடு அலைவதைத் திரையைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேகத்தைக் கூட்டிக் காமெடியாகக் காட்டுகிறார்கள். சென்னையில் விசா அலுவலக வரிசையில் நின்றவர்களால் அந்தக் காட்சிக்கு அவ்வளவு சிரிக்க முடியாது.

*

இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டுவதுதான் வழக்கமான வழி. 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மாதத்துக்கு 992 யூரோதான் அதிலிருந்து எடுக்கலாம். நம் பையன்களில் பலருக்கு அது கல்விக்கடன். அந்த 992இல் வாடகை, காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதுதான் பிராக். அதனால் நம் பயணக்கட்டுரைகளில் விலை முக்கியமான பாத்திரம். பஸ் எவ்வளவு, ஹாஸ்டல் எவ்வளவு, கெபாப் எவ்வளவு. இதைச் சிலர் கேலி செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். வெள்ளைக்காரப் பயணநூல்களில் பெரும்பாலும் மறைத்துவைக்கப்படும் ஒன்றை நம் ஆட்கள் வெளிப்படையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் தெற்கு ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில் படித்தேன். 2013இல் எங்கள் வார இறுதியைத் தீர்மானித்தது ஒரு டிக்கெட். பெயரே 'ஷோனெஸ் வோஹனெண்டே', அதாவது அழகான வார இறுதி. 1995இல் ஜெர்மன் ரயில்வே அறிமுகப்படுத்தியது. ஆரம்பத்தில் 15 மார்க்குக்கு ஐந்து பேர் சனி ஞாயிறு இரண்டு நாளும் நாடு முழுக்கச் சுற்றலாம். எங்கள் காலத்தில் ஒரு நாளுக்குத்தான் செல்லும், விலையும் ஏறியிருந்தது. ஆனாலும் ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்குப் பத்து யூரோவுக்குள் முடிந்துவிடும். நிபந்தனை ஒன்றே ஒன்று. வேகமான ரயில்களில் ஏறக்கூடாது. எல்லாச் சின்ன ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும் வட்டார ரயில்கள் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் உட்கார்ந்திருக்கவும் முடியாது. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு என்பது அரசியல் சாசனத்திலேயே பாதுகாக்கப்பட்டது. வைமார் காலத்து அரசியல் சாசனத்தின் 139ஆம் பிரிவை அப்படியே இன்றைய அடிப்படைச் சட்டத்துக்குள் எடுத்துவைத்திருக்கிறார்கள். கடை எல்லாம் பூட்டு. ஸ்டேஷனில் இருக்கும் பேக்கரிதான் ஊரிலேயே கலகலப்பான இடம். அங்கே நிற்கிறவனுக்கு டிக்கெட் மெஷின் பக்கத்தில்தான். ஐந்தாவது ஆளைத் தேடும் கோஷ்டி ஒன்று எப்போதும் இருக்கும். அப்படித் தெரியாத முகங்களோடு ஒட்டிக்கொண்டு நான் பார்த்த ஊர்கள் நிறைய.

எங்கள் விடுதியில் ஒரு நண்பன் இருந்தான், மதுரைப் பக்கம். அவன் எங்களோடு ஒருமுறைகூட வந்ததில்லை. சனி ஞாயிறு இரவுகளில் ஒரு சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போவான். ஞாயிறு இரவு நாங்கள் ஐந்நூறு போட்டோக்களோடு திரும்பி வருவோம். அவன் தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பான். ஆனால் அந்த ஊரை எங்களில் யாருக்காவது தெரியும் என்றால் அது அவனுக்குத்தான். செவ்வாயும் வெள்ளியும் சதுக்கத்தில் சந்தை கூடும், மதியம் ஒரு மணிக்கு மேல் போனால் துருக்கிக்காரர் கொத்தமல்லியைச் சும்மாவே தருவார். கீழ் வீட்டுக் கிழவி ஏன் தினமும் ஜன்னலில் நிற்கிறாள், எந்த டிராம் டிரைவர் ஓடி வருகிறவனுக்காக நிறுத்துவார், எல்லாம் அவனுக்குத் தெரியும். நம் பக்கம் சந்தைக்கே கிழமையின் பெயர் வைப்பதில்லையா, அந்தக் கணக்கில் அந்த ஊரின் செவ்வாய்க்கிழமை அவனிடம் இருந்தது.

இதை வைத்து உழைப்பவனுக்கே ஊர் தெரியும் என்று தத்துவம் பேசலாம். பேசக் கூடாது. ஒரு நாள் நான் கிட்டத்தட்ட அப்படிப் பேச ஆரம்பித்தபோது அவன் சொன்னான்: "உனக்கு ஊரு போரடிச்சுது, வெளிய போன. எனக்கு போரடிக்கவே டைம் இல்லடா." அவனுக்கும் பிராக் பார்க்க ஆசைதான். அங்கே போயும் ஒண்ணும் பாக்கலையா என்று அவன் அத்தை போனில் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். வெளிநாட்டில் படிக்கும் பையன் சந்தோஷமாக இருக்கிறான் என்பதற்கு ஊரில் காட்டும் அத்தாட்சி அந்தப் போட்டோக்கள்தான். கடன் வாங்கி அனுப்பிய வீட்டுக்கு ஒவ்வொரு பாலமும் ஒரு ரசீது. நம் வார இறுதிக் கட்டுரைகளில் தெரியும் அந்த அவசரத்துக்கும், விடாப்பிடியான உற்சாகத்துக்கும் காரணம் இலக்கியத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

*

வார இறுதிக் கட்டுரைகளின் குலமுதல்வன் என்று ஒரு படத்தைச் சொல்ல வேண்டுமென்றால் அது ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'பிஃபோர் சன்ரைஸ்', 1995. புடாபெஸ்டில் பாட்டியைப் பார்த்துவிட்டு பாரிஸுக்குத் திரும்பும் மாணவி செலின். மாட்ரிட்டில் இருந்த காதலியிடம் கசப்பு வாங்கிக்கொண்டு ரயில் பாஸில் சுற்றிக்கொண்டிருக்கும் அமெரிக்கன் ஜெஸ்ஸி. ரயிலில் பேசத் தொடங்கி வியன்னாவில் இறங்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை அவனுக்கு விமானம். ஹோட்டலுக்குக் காசில்லை. இரவு முழுக்க நடக்கிறார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் ஐரோப்பிய ரயிலில் எதிர் சீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததற்கு இந்தப் படம்தான் பொறுப்பு.

இதில் வியன்னா எப்படி இருக்கிறது? அந்த இரவில் இருவருக்கும் எதிர்ப்படுகிறவர்களைப் பட்டியல் போடுங்கள். நாடகத்துக்கு அழைக்கும் இரண்டு நடிகர்கள், கைரேகை பார்க்கும் பெண், காசு இல்லாதவனுக்கு ஒயின் பாட்டில் கொடுத்தனுப்பும் பார்க்காரர், ஆற்றோரத்தில் கவிதை எழுதித் தரும் ஒருவன். எல்லாரும் இவர்களுக்கு எதையாவது கொடுக்கவே அங்கே இருக்கிறார்கள். வேலைக்குப் போய்விட்டு அலுப்போடு வீடு திரும்பும் வியன்னாக்காரர் ஒருவருக்கும் படத்தில் இடமில்லை. நகரம் முழுக்கத் துணை நடிகராகிவிட்டது. நம் கட்டுரைகளில் வரும் உதவும் முதியவர் இந்தப் பரம்பரைதான்.

ஆனால் லிங்க்லேட்டர் நம்மைவிடத் தெளிவானவர். இது நடப்பது அவருக்குத் தெரியும், தெரியும் என்பதைப் படத்துக்குள்ளேயே வைத்தும் இருக்கிறார். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, அந்த ஆற்றோரக் கவிஞன். ஒரு சொல் கொடுங்கள், அதை வைத்துக் கவிதை எழுதித் தருகிறேன் என்கிறான். செலின் 'மில்க்‌ஷேக்' என்ற சொல்லைக் கொடுக்கிறாள். கவிதை வருகிறது, அழகாகவும் இருக்கிறது. செலின் நெகிழ்ந்துபோகிறாள். ஜெஸ்ஸி மட்டும், கவிதை ஏற்கெனவே தயாராக இருந்திருக்கும், இவள் கொடுத்த சொல்லை நடுவில் செருகியிருப்பான் என்கிறான். புரோகிராமர்கள் இதை டெம்ப்ளேட் என்போம். நகரத்தின் பெயரை மட்டும் மாற்றிப்போட்டால் வேலைசெய்யும் பயணக்கட்டுரை ஒவ்வொன்றையும் படிக்கும்போது எனக்கு அந்தக் கவிஞன் ஞாபகம் வரும்.

இரண்டு, ரயிலிலேயே ஜெஸ்ஸி சொல்லும் ஒரு டிவி நிகழ்ச்சி யோசனை. உலகின் பல நகரங்களிலிருந்து 365 பேர். ஆளுக்கு ஒரு நாள். காலையில் எழுந்ததிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும், நடப்பது அப்படியே, வெட்டாமல். எல்லாரும் தினமும் செய்யும் சலிப்பான வேலைகளையா என்று செலின் கேட்கிறாள். அவனுக்கு அதுதான் வாழ்க்கையின் கவிதை. கவனியுங்கள், அந்த 365இல் 52 செவ்வாய்க்கிழமைகள் இருக்கும். ஒரே இரவை மாயமாக்கப்போகும் படத்தின் வாசலில், மாயமே இல்லாத ஒரு வருடத்தை லிங்க்லேட்டர் நிறுத்திவைத்திருக்கிறார்.

மூன்று, முடிவு. இருவரும் பிரிந்தபிறகு கேமரா அவர்கள் இரவில் இருந்த இடங்களுக்கெல்லாம் ஒருமுறை போய்வருகிறது. காலை வெளிச்சத்தில் பாலம், ராட்டினம், அடையாளம் தெரியாதவர்களைப் புதைத்த கல்லறைத்தோட்டம், பூங்காப் புல்லில் காலி ஒயின் பாட்டில். அவர்கள் இல்லை, இசை மட்டும். இத்தனை நேரம் இவர்களுக்காக இருந்ததுபோல நடித்த நகரம் நடிப்பை விட்டுவிட்டு நிற்கிறது. இரவில் மின்னிய இடங்களா இவை என்று தோன்றுகிறது. இந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இது பெரிய படம் என்பேன். நாம் கிளம்பியபிறகும் நகரம் அங்கேயே இருக்கிறது, அதற்கு நம்மைத் தெரியாது. வார இறுதிக் கட்டுரை ஒருபோதும் எழுதாத பத்தி இதுதான். அது நம்மோடு பஸ் ஏறிவிடுகிறது.

*

வார இறுதி என்றாலே மேலோட்டம்தான் என்று இதுவரை சொன்னதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். அதைத் தடுப்பவர் ஜார்ஜ் பெரெக்.

1974 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. பெரெக் பாரிஸில் சேன் சுல்பீஸ் சதுக்கத்துக்குப் போகிறார். அன்றும் சனி, ஞாயிறும், மூன்று நாட்கள், அந்தச் சதுக்கத்தின் காபிக் கடைகளிலும் பெஞ்சுகளிலும் மாறி மாறி உட்கார்ந்து கண்ணில் படுவதை எழுதுகிறார். ஒரு பாரிஸ் இடத்தை முழுக்க எழுதித் தீர்த்துவிடும் முயற்சி என்பது போல ஒரு தலைப்பில் அடுத்த வருடம் அது வெளிவந்தது. அறுபது பக்கம்கூட வராத சின்னப் புத்தகம்.

தொடக்கத்திலேயே ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறார். சதுக்கத்தில் தேவாலயம் இருக்கிறது, நகரமன்ற அலுவலகம் இருக்கிறது, நீரூற்று இருக்கிறது. இவற்றையெல்லாம் ஏற்கெனவே பலர் விவரித்திருக்கிறார்கள், படமெடுத்திருக்கிறார்கள். தனக்கு வேண்டியது மிச்சம். யாரும் குறித்துவைக்காதது. ஒன்றுமே நடக்காதபோது நடப்பது. பிறகு அதைத்தான் எழுதுகிறார். 63ஆம் நம்பர் பஸ், 70, 86, 87, 96. பச்சை ஆப்பிள் நிறத்தில் ஒரு சிட்ரோயன் கார். புறாக்கள் ஒரே நேரத்தில் எழும்பிச் சதுக்கத்தைச் சுற்றி மறுபடி உட்காருகின்றன. ஒரு கையில் பை, ஒரு கையில் குழந்தை. இடையிடையே குளிர், அலுப்பு, தான் குடித்தது. இரண்டாம் நாள், நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். முதல் பார்வைக்கு ஒன்றும் மாறவில்லை. அப்புறம் பார்த்தால் எல்லாமே மாறியிருக்கிறது.

முதல் தடவை படிக்கும்போது போரடிக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. பஸ் நம்பர்களை யார் படிப்பது என்று பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து எடுத்து, ஒரே மூச்சில் முடித்தேன். இரண்டாம் முறை என்ன மாறியது? அந்தப் பஸ்களில் ஒன்றுக்காக நானே காத்திருப்பதுபோல ஆகிவிட்டது. திரும்பத் திரும்ப வருவதால் 96 பழகிவிடுகிறது. சேவியர் ஆயிரம் முறை நடந்து அடைந்ததைப் பெரெக் மூன்று நாளில் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடைந்துவிடுகிறார். ஒரு வெள்ளி, சனி, ஞாயிறிலிருந்து அவர் ஒரு செவ்வாய்க்கிழமையைச் செய்துகாட்டியிருக்கிறார்.

பெரெக் பாரிஸ்காரர்தானே, அவர் சுற்றுலாப் பயணியா என்று கேட்கலாம். ஆமாம், சொந்த ஊர்தான். அதனாலேயே அவர் செய்தது கடினமானது. தெரிந்த ஊரைத் தெரியாத ஊராக்கிப் பார்த்தார். நமக்குத் தெரியாத ஊர் இலவசமாகக் கிடைக்கிறது. நாம் செய்ய வேண்டியது உட்காருவது மட்டும்தான். ஆனால் இரண்டு நாள் மட்டுமே கையில் இருக்கும் மாணவனுக்கு, அதிலும் வீட்டுக்கு ரசீது காட்ட வேண்டியவனுக்கு, ஒரே சதுக்கத்தில் உட்காருவதைவிட ஆடம்பரம் வேறில்லை. இதைச் சொல்லாமல் பெரெக்கை அறிவுரையாக்கினால் அது அநியாயம்.

*

தமிழில் வெளிநாடு போன மாணவனின் எழுத்து என்றால் ஏ.கே. செட்டியாரிடம்தான் தொடங்க வேண்டும். 1930களில் டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் போட்டோகிராஃபி படித்தவர். காந்தியைப் பற்றி முழுநீள ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலில் தோன்றியது. நியூயார்க்கிலும் இல்லை, டப்ளினிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. கப்பலில் வேறென்ன செய்ய முடியும்? கடலைப் பார்க்கலாம், யோசிக்கலாம். அந்தப் படத்தை அவர் 1940இல் எடுத்தும் முடித்தார்.

இடைப்பட்ட நேரத்தைத்தான் நம் வடிவம் முதலில் வெட்டி எறிகிறது. இரவு பஸ்ஸில் தூங்கிப்போனால் நடுவில் ஒன்றுமே இல்லை, கண் விழித்தால் பிராக். அந்த மெதுவான ரயில்களை நான் அன்றைக்குச் சபித்திருக்கிறேன். மூன்று மணி நேரத்தில் போகவேண்டிய ஊருக்கு ஆறு மணி நேரம். ஆனால் போன ஊர்களின் சதுக்கங்கள் எல்லாம் இன்று ஞாபகத்தில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கலக்காமல் இருப்பவை நடுவில் நின்ற ஸ்டேஷன்கள்தான். கால்பந்து ஷூவோடு ஏறி இரண்டு ஸ்டேஷனில் இறங்கிய பையன்கள். சர்ச்சுக்குப் போகும் உடுப்பில் ஏறி, மடியில் கேக் டப்பாவை ஆடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா. அவர்கள் எங்களுக்கு எதையும் கொடுக்க வரவில்லை. அவர்கள் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் பார்க்கப்போன நகரத்தைவிட அவர்கள் ஊராக இருந்தார்கள்.

ஆகவே இப்போது படிக்கப் போயிருக்கும், எழுதவும் செய்யும் தம்பி தங்கைகளிடம் கேட்பது ஒன்றுதான். பிராகுக்குப் போங்கள். பாலத்தில் நின்று போட்டோ எடுங்கள், அத்தைக்கு அனுப்புங்கள். அந்த ரசீதை நம் வீடுகள் சம்பாதித்திருக்கின்றன. எழுத உட்காரும்போது மட்டும் வேறு மூன்றைக் கேட்டுப் பாருங்கள். நகரத்தின் பெயரை மாற்றினால் இந்தப் பத்தி உடைகிறதா? என்னிடம் எதுவும் கொடுக்காத, என்னைக் கவனிக்கவே செய்யாத ஒரு மனிதராவது இதில் இருக்கிறாரா? நான் பஸ் ஏறியபிறகு அந்தச் சதுக்கத்தில் என்ன நடக்கிறது? மூன்றாவதற்குப் பதில் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே இருக்கும் கட்டுரையும் இல்லாத கட்டுரையும் ஒன்றாக இருக்காது.

அழகான வார இறுதி டிக்கெட்டை 2019 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். 2023 மேயில் அதே மெதுவான ரயில்களுக்கு ஒரு மாதச் சீட்டு வந்தது, அப்போது 49 யூரோ. இன்று பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு அது சலுகை விலையில் செமஸ்டர் கட்டணத்தோடே சேர்ந்து வந்துவிடுகிறது. ஐந்தாவது ஆளைத் தேடி மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. அந்தச் சீட்டு செவ்வாய்க்கிழமையும் செல்லும்.